மினிட்ஸுக்குள் நுழைந்தவர்

ஒரு கல்லூரியின் குணம் ஆண்டு மலரில் தெரியாது. அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் கூட்ட மினிட்ஸைப் படிக்க வேண்டும். யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது, எந்த விஷயம் ஐந்தாவது முறையாக ஒத்திவைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பிறர் டைரியைப் படிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். மினிட்ஸைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

இந்தச் சபலம் உள்ளவர்களுக்கென்றே அமெரிக்காவில் ஒரு கல்லூரி இருந்தது. வட கரோலினா மலைப்பகுதியில் 1933இல் தொடங்கி 1957இல் மூடப்பட்ட பிளாக் மவுண்டன். ஃபுளோரிடாவில் ஒரு கல்லூரியிலிருந்து வேலைநீக்கம் செய்யப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ் நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஆசிரியர்களே உரிமையாளர்கள், ஆசிரியர்களே நிர்வாகம். கட்டாயப் பாடம் கிடையாது. மதிப்பெண்ணை மாணவரிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவருக்குத் தேவைப்படுமே என்று அலுவலகத்தில் ரகசியமாகக் குறித்து வைத்திருந்தார்கள். எனக்கு இந்தக் கல்லூரியைப் பிடித்துப்போனதே இந்த ரகசியத்தால்தான்.

தட்டிக்கேட்க மேலே ஆளில்லாத இடத்தில் கூட்டம் எப்படி முடியும்? பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்செல்லாம் காகிதமாகி மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் தோண்டிப் படித்தவர் மார்ட்டின் டூபர்மன் என்ற வரலாற்றாசிரியர். அவருடைய புத்தகம் 1972இல் வந்தது. பழைய கூட்டம் ஒன்றின் விவாதத்தைப் புத்தகத்தில் கொடுக்கும்போது மனிதர் பொறுமை இழந்துவிட்டார். பேசியவர்களின் பெயர்களுக்கு நடுவே தன் பெயரையும் போட்டு, அவர்களோடு தானும் வாதாடத் தொடங்கிவிட்டார்! கூட்டம் நடந்தது முப்பதுகளில், இவர் எழுதுவது எழுபதுகளின் வாசலில் உட்கார்ந்து. நம் ஊர் ஆய்வு நெறியாளர் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருக்கும். வரலாற்று ஒழுக்கத்தின்படி அது சரியும்தான். ஆனாலும் ஆவணக் காப்பக மேசையில் குனிந்து உட்கார்ந்து, செத்துப்போனவர்கள் தப்பாக வாதாடுவதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். நாமெல்லாம் மனசுக்குள் பேசிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். அவர் அச்சில் பேசினார். புத்தகத்தில் வேறு எது மறந்தாலும் இது மறக்கவில்லை.

இவ்வளவு எழுதிவைத்த கல்லூரியில், உலகம் இன்று பேசுகிற ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் ஒழுங்கான பதிவு கிடையாது. 1952 கோடையில் இசைக் கலைஞர் ஜான் கேஜ் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். டேவிட் டியூடர் பியானோ வாசித்தார், சார்லஸ் ஓல்சனும் எம். சி. ரிச்சர்ட்ஸும் கவிதை படித்தார்கள், மெர்ஸ் கன்னிங்ஹாம் ஆடினார். எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல். ஏணிமேல் நின்றது யார், எது முதலில், எது பிறகு என்று கேட்டால் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மினிட்ஸுக்குள் புகுந்து சண்டை போட்ட டூபர்மன் இங்கே பஞ்சாயத்துக்கே போகவில்லை. முரண்படும் நினைவுகளை அப்படியே வரிசையாக வைத்துவிட்டார்.

கன்னிங்ஹாம் ஆடும்போது பின்னாலேயே ஒரு நாயும் ஓடியதாம். எனக்கு அதன் பெயர் வேண்டும்.