பெயின்டுக்கு அடியில் ஒரு வில்

உப்பிலியபுரத்தில் எந்த வீட்டிலாவது பழைய வில் இருந்தால், அது வல்வில் ஓரியோடு உறவு கொண்டாடாமல் இருக்காது. மேற்கே ஓரி ஆண்ட கொல்லிமலை. ஆடி மாதம் செம்மேட்டில் ஓரிக்கு அரசு விழா. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததைப் புறநானூற்றில் வன்பரணர் பாடிவிட்டார், அடிவாரத்துக்காரர்கள் விடுவார்களா? பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்ததும் அப்படித்தான், "ஓரி வழி வந்த வேட்டை வில்லு, வேங்கை மரம்" என்று பேர் வாங்கியிருந்தது. மேலே அடித்திருந்ததோ தங்க நிற எனாமல்.

பெயின்டை உரித்தால் என்ன மரம் என்றாவது தெரியும் என்று உட்கார்ந்தேன். ரிமூவரைத் தடவியதும் தங்கம் கொப்பளித்துக் கிளம்பியது. அதற்குக் கீழே நீலம். ஊர்த் திருவிழா நாடகத்தில் ராமர் வேஷம் கட்டியவர்கள் இதைத்தான் தூக்கிக்கொண்டு நின்றார்கள் என்று பெரியப்பாவே அப்போதுதான் சொன்னார். நீலமும் போனபின் கரிப்புகை ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு. தச்சர்கள் செய்வதுபோல் உடைந்த கண்ணாடிச் சில்லால் அதை இழை இழையாகச் சுரண்டினேன்.

சுரண்டிய வில்லைத் தம்மம்பட்டிக்கு எடுத்துப் போனேன். வாகையிலும் தூங்குமூஞ்சியிலும் சாமி சிலை செதுக்குகிற ஊர். மரத்தைப் பற்றிக் கேட்க வேறெங்கே போவது? சிற்பி ஒருவர் முனையைத் திருப்பிப் பார்த்த உடனே, "மரமே இல்லீங்களே சார், கல்மூங்கில்" என்றார். குறுக்கு வெட்டில் புள்ளி புள்ளியாக நார் தெரிந்தது: வெளிப்புறம் நெருக்கமாக, உட்புறம் கலைந்து. கணுக்களைச் சீவி வழுவழுப்பாக்கியிருந்ததால் அதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "உப்புத்தாள் போட்டுடாதீங்க" என்றும் சொன்னார். வளைக்கும்போது இழுவை முழுவதையும் தாங்குவது அந்த வெளிநார்தான். அதை அறுத்துவிட்டால் நாணேற்றும்போதே வில் பிளந்துபோகும்.

சரி, மூங்கில். எதற்கான வில்? முனைகளில் நாண் மாட்டும் வெட்டு ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. பிடிக்கு அருகே, கட்டைவிரல் வருகிற பக்கத்தில், குட்டிக் குட்டிக் குழிகள். அம்பு உரசினால் கோடு விழும், குழி விழாது.

பச்சைமலை அடிவாரத்தில், சோபனபுரத்துப் பெரியவர் ஒருவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "உண்டைவில்லு தம்பி. சோளக்கொல்லையில கிளி ஓட்டினது." இரண்டு நாண் இணையாக ஓடும், இடையில் சின்னக் குச்சி கொடுத்து விலக்கி வைப்பார்கள். நடுவில் பின்னிய ஒரு மடி. அம்புக்குப் பதில் அதில் களிமண் உருண்டை உட்காரும். இந்தியா முழுக்கவும் கிழக்கே பர்மா, சயாம் வரையும் பறவையையும் குரங்கையும் விரட்ட இந்த வில் இருந்திருக்கிறது. புற்றுமண்ணை உருட்டி நிழலில் காயவைத்து உமித் தீயில் சுட்டதைப் பெரியவர் விரலை உருட்டிக் காட்டியே விளக்கினார்.

பிறகு வெறும் வில்லை இடது கையில் பிடித்து, இல்லாத நாணை இழுத்து விட்டார். விட்ட நொடியில் மணிக்கட்டு வெளிப்பக்கமாகச் சட்டென்று திரும்பியது. அப்படித் திருப்பாவிட்டால் உருண்டை வில் பிடித்த கட்டைவிரலைப் பதம் பார்த்துவிடுமாம். குழிகளெல்லாம் கற்றுக்குட்டிகள் போட்டவை. விரலுக்குத் தப்பியது மூங்கிலில் பட்டிருக்கிறது.

பெரியப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. யானையைத் துளைத்த வம்சம் கிளி விரட்டப் போனதில் அவருக்குச் சம்மதமில்லை. எனக்கோ இதன்மேல்தான் மரியாதை கூடியது. ஓரியின் கொல்லியிலும் கொல்லையைக் காக்க ஆள் இருந்திருப்பான். அவனைப் பாட ஒரு வன்பரணர் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

வார்னிஷ் வேண்டாமென்று ஆளிவிதை எண்ணெயை மட்டும் துணியில் தொட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். மருள் செடி வெட்டிக் கொண்டுவந்தால் நார் உரித்து இரட்டை நாண் திரித்துத் தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: கட்டி அழகு பார்க்கலாம், இழுத்துப் பார்க்கக் கூடாது.