முதல் செலவு ஆல்பத்துக்கு

கண்ணு, நீ காசு சேர்க்க ஆரம்பித்திருக்கிறாய் என்று உங்கம்மா சொன்னதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எந்த ஆல்பம் வாங்கலாம் என்று நீ கேட்டனுப்பியது அதைவிட சந்தோஷம். பெரும்பாலான பிள்ளைகள் காசை வாங்கிக் குவித்துவிட்டு, பல வருஷம் கழித்துத்தான் இந்தக் கேள்விக்கு வருகிறார்கள். அதற்குள் நல்ல காசில் பாதி கெட்டுப் போயிருக்கும். முதலில் ஆல்பத்துக்குப் பணம் ஒதுக்கு. மிச்சம் இருப்பதில் காசு வாங்கு. மாதத்துக்கு ஒரு காசு குறைந்தாலும் பரவாயில்லை.

நாம் கரூர்க்காரர்கள். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசும், மாக்கோதை, கொல்லிப்புறை என்றெல்லாம் தமிழ் பிராமியில் எழுத்துப் பொறித்த சேரர் காசும் கிடைத்த ஊர் இது. சுமார் 2000 வருஷம் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த காசு, மட்டமான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் பத்துப் பதினைந்து வருஷம் தாங்காது. உனக்கு முன்னால் எத்தனையோ பேர் பத்திரமாகக் கைமாற்றி வந்த ஒன்று உன் கைக்கு வந்து கெடக்கூடாது. அதுதான் என் கவலை.

கடைகளில் சுலபமாகக் கிடைப்பது வழவழவென்று வளையும் வினைல் தாள் ஆல்பம். அதைத் தொடாதே. திருச்சியில் வேலை பார்த்த என் சிநேகிதர் ஒருவர், விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு ரூபாய்களை அப்படி ஓர் ஆல்பத்தில் வரிசையாகச் சொருகி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று காலம் ஓடியது. பிறகு என்னைக் கூப்பிட்டு ஆல்பத்தைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு உறைக்குள்ளும் பச்சையாக ஒரு பிசுக்கு. ராணியின் கன்னத்திலும் கிரீடத்தின் இடுக்கிலும் எண்ணெய் போலப் படிந்திருந்தது. சில ரூபாய்கள் உறையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. அசிட்டோனில் போட்டு எடுத்ததும் பிசுக்கு போய்விட்டது. ஆனால் அதற்கு அடியில் வெள்ளி ஊசி குத்தினாற்போல் பொத்துப் போயிருந்தது. அந்தப் பொத்தலை அடைக்க எந்த மருந்தும் இல்லை.

வினைல் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக். அது தன் இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அது மெல்லக் கசிந்து காசின் மேல் படிகிறது. பிளாஸ்டிக்கும் வயதாக ஆக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அந்தக் கால ஒரு ரூபாயில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அமிலம் முதலில் அந்தச் செம்பைத்தான் பிடிக்கும். பச்சை நிறம் அதனால் வருவது. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. அதை இன்னும் ஜாக்கிரதையாக வைக்க வேண்டும்.

பிவிசியைக் கண்டுபிடிக்க மூக்கே போதும். புது மழைக்கோட்டின் வாசனை அடித்தால் வைத்துவிட்டு வந்துவிடு. சந்தேகம் தீரவில்லையா, ஒரு செப்புக் கம்பியின் நுனியை கேஸ் அடுப்புத் தீயில் சிவக்கக் காய்ச்சு. அந்தச் சூட்டோடு உறையின் ஓரத்தைத் தொட்டுவிட்டு மறுபடி தீயில் காட்டு. தீ பளிச்சென்று பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய். அந்தப் புகையை மோக்காதே. வாங்க வேண்டியது மைலார், பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் இவற்றில் ஒன்று. எந்த பிளாஸ்டிக் என்று கடைக்காரரைக் கேட்கக் கூச்சப்படாதே. அவருக்கும் தெரியவில்லை என்றால் அந்தக் கடையில் அது வேண்டாம்.

இனி ஆல்பத்தின் வகை. அட்டையில் வட்டம் வட்டமாக ஓட்டை போட்டு, காசைக் கட்டை விரலால் அழுத்திப் பொருத்தும் ஆல்பம் ஒன்று உண்டு. எனக்கு அதன் மேல் ஒரு பிரியம். காலியாக இருக்கும் ஓட்டையைப் பார்க்கப் பார்க்கத் தேடத் தோன்றும். 1957இல் வந்த நயா பைசாவிலிருந்து தொடங்கி வருஷ வாரியாகப் புழக்கக் காசு சேர்க்க அது சரி. ஆனால் காசின் ஒரு முகம்தான் தெரியும், அழுத்துகிற விரலின் ரேகை காசில் பதியும், மட்ட ரக அட்டையில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அலுமினிய இரண்டு பைசா, மூன்று பைசாவுக்கு அது போதும். வெள்ளிக்கு வேண்டாம்.

உனக்கு நான் சொல்வது வளையம் போட்ட ஃபைலும், இரண்டு அங்குலச் சதுர அட்டை ஹோல்டரும்தான். சேகரிப்பவர்கள் டூ பை டூ என்பார்கள். நடுவில் மைலார் ஜன்னல் இருக்கும். காசின் இரு முகமும் தெரியும். இது முக்கியம், ஏனென்றால் எந்த ஆலையில் அடித்தது என்ற குறி ஆண்டுக்குக் கீழே இருக்கிறது. நட்சத்திரம் ஹைதராபாத், வைரக்கட்டம் மும்பை, புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அந்தச் சின்னக் குறி ஒரு காசைச் சாதாரணத்திலிருந்து அபூர்வமாக்கும். தெரியாத பக்கமாக வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் காசை வெளியே எடுப்பாய். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குத் தேய்மானம்.

ஹோல்டரை மடித்து ஸ்டேப்ளர் அடிப்பாய். அடித்ததும் ஸ்டேப்ளர் பின்னின் முதுகைக் குறடால் தட்டையாக அழுத்திவிடு. நீட்டிக்கொண்டு நின்றால் பக்கத்துத் தாளில் இருக்கும் காசைக் கீறிவிடும். காசை எடுக்கும்போது ஹோல்டரைப் பிய்த்து இழுக்காதே. பின்னைக் கழற்றிவிட்டுத் திற, இல்லையானால் ஓரத்தைக் கத்தரியால் வெட்டு. அட்டை மலிவு, காசு மலிவில்லை. நீ இருக்கும் சென்னையில் கடல் காற்று பட்டு ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். ஒட்டும் வகை ஹோல்டர் கிடைத்தால் அதையே வாங்கிக்கொள். பசை ஜன்னலைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் இருக்கிறதா பார்.

கனத்தையும் கணக்குப் போடு. ஒரு வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. ஒரு தாளில் இருபது ஹோல்டர் வைத்தால் வெறும் காசே கால் கிலோவை நெருங்கும். பத்துத் தாள் சேர்ந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வளையத்தில் தொங்கும். தாள் தொய்ந்து ஓட்டை கிழிந்து காசு தரையில் உருளும். ஃபைலை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதே. புழங்காத நல்ல ரூபாய் கிடைத்தால் அதைக் கேப்சூல் என்ற வட்டமான கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் தனியாக வை. சோழர் செப்புக் காசு, நாயக்கர் காலத்துக் குட்டைக் காசு இவை தடிமனாகவும் கோணல்மாணலாகவும் இருக்கும். மைலார் ஜன்னலைக் கிழித்துவிடும். அவற்றுக்கு அமிலமில்லாத சின்னக் காகித உறை போதும்.

நீ கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் இன்னொன்று. கரூரில் காற்று காய்ந்திருக்கும், நான் கொஞ்சம் அலட்சியமாக இருந்தாலும் காசு பிழைக்கும். சென்னையில் பிழைக்காது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பில் வெளிறிய பச்சைப் பொடி பூக்கும். கெட்டியாகப் படிந்த பழுப்பு, கரும்பச்சைத் தோலைச் சொல்லவில்லை, அது காசுக்குக் கவசம். நான் சொல்வது, ஊசியால் தொட்டால் மாவு மாதிரி உதிரும் பச்சை. கண்டதும் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடு. அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும் நோய். பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வை. நிறம் மாறியதும் மாற்று. குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். அந்துருண்டை கூடவே கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கையே இளக்கும். ரப்பர் பேண்டு, செய்தித்தாள் இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. அலுமினியமும் செம்பும் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரித்துப் போகும். ஆகவே ஒரு டப்பாவில் கலந்து போடாதே.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது உன் பாட்டியின் புளிக்கு. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது நம் வீட்டு வழக்கம், விளக்குக்கு அது சரி. காசில் புளியும் சாம்பலும் விபூதியும் பட்டால், நூறு வருஷம் சேர்ந்த தோல் ஒரு நிமிஷத்தில் போய்விடும். அதோடு எழுத்தின் விளிம்பும் மழுங்கும். நாணயவியல் ஆய்வாளர் ஆர். கிருஷ்ணமூர்த்தி சங்க காலக் காசுகளில் பெருவழுதி என்ற பாண்டியன் பெயரை வாசித்துச் சொன்னாரே, அந்த எழுத்துகள் எவ்வளவு மெல்லிய மேடு என்று நினைத்துப் பார். யாராவது புளி போட்டுத் தேய்த்திருந்தால் அந்தப் பெயரே நமக்குக் கிடைத்திருக்காது. அழுக்குக் காசு அழுக்காகவே இருக்கட்டும். விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கு. கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள். காசின் மேல் குனிந்து பேசாதே. எச்சில் துளி பட்ட இடம் சில மாதத்தில் கரும்புள்ளியாக நிற்கும்.

ஹோல்டரில் காசை வைக்கும் முன்பே அட்டையில் எழுதிவிடு. ஆட்சி, ஆண்டு, ஆலை, எங்கே வாங்கினாய், எப்போது, என்ன விலை. காசு உள்ளே இருக்கும்போது பேனாவை அழுத்தி எழுதினால் அந்த அழுத்தம் காசில் இறங்கும். கரூர் ஆற்றில் கிடைத்த ரோமானியக் காசுக்கும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ரோமானியக் காசுக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் மலையளவு வித்தியாசம். முன்னதில் ஒரு வணிகப் பாதையே இருக்கிறது. பின்னது வெறும் பழைய உலோகம். எழுதி வைக்காததால் எத்தனையோ நல்ல சேகரிப்புகள் அடுத்த தலைமுறையில் எடை போட்டு விற்கப்பட்டன.

ஆற்றிலோ வயலிலோ நேரடியாகக் காசு கிடைத்தால் ஆல்பத்துக்குக் கொண்டுபோகாதே. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசுகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972இல் வந்த தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. உன் கூட்டாளிகள் யாராவது தபாலில் அனுப்பலாம் என்று ஆசை காட்டினால் மறுத்துவிடு. நல்ல காசைப் பார்க்கும் ஆசை வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போ. ஆல்பத்தில் வாங்கி வைக்க முடியாதவை அங்கே இருக்கின்றன.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் இருக்கும் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார். மழைக்கோட்டு வாசனை அடிக்கிற உறையில் இருக்கும் காசுகளை அன்றைக்கே வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெள்ளைக் காகிதத்தில் மடித்து வை. சரியான ஹோல்டர் வரும்வரை அது தாங்கும். புதுக் காசு எதுவும் அதுவரை வாங்காதே.