ஒரு சாண் தூரம்

இரவு எட்டரை மணி இருக்கும், தேனிப் பக்கத்திலிருந்து அந்தப் பையன் கூப்பிட்டான். எம்.ஏ. தமிழ் படிக்கிறான். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவனுக்கும் அவனோடு படிக்கும் மூன்று பேருக்கும் பாடப் புத்தகங்களை மதுரையில் என் வீட்டிலிருந்தபடியே வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். தொல்காப்பிய மரபியலை உரையோடு வாசித்து அனுப்பி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

“அக்கா, ஒரு சந்தேகம். பெட்டைக் கோழிக்கு அலகுன்னா பேரு? அலகுன்னா அதோட மூக்குல்ல?”

“அலகு இல்லப்பா, அளகு.”

“எந்த ள-க்கா?”

“பள்ளிக்கூடத்துல வர்ற ள.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரிக்கா. நோட்ஸ் முழுக்க மாத்தணும். நான் தப்பா டைப் பண்ணி வச்சிருக்கேன்” என்றான்.

போனை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டி அந்தப் பகுதியைக் கேட்டேன். என் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மடங்கி அண்ணத்தைத் தொட்டது எனக்கே நினைவிருக்கிறது. ஆனால் காதில் விழுந்தது லகரமா ளகரமா என்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. குரல் மட்டும் கனமாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல, வானொலி அறிவிப்பாளர் குரல் மாதிரி இருந்தது. அந்தக் கனத்தில் எனக்கு அதுவரை பெருமை உண்டு. அதற்காகவே மைக்கை வாயிலிருந்து நாலு விரல்கடை தூரத்தில் வைத்திருந்தேன்.

கண்ணுள்ளவர்களுக்கு ஒலி தவறினாலும் எழுத்து காகிதத்தில் இருக்கிறது. அவனுக்கு நான் வாசிக்கும் ஒலிதான் எழுத்து. பிரெயிலில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. ஆனால் அந்தப் புத்தகம் பிரெயிலில் இல்லை. எந்தப் புள்ளிகளைக் குத்துவது என்பதை அவன் என் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘அழகு’ என்று வாசித்தால் அழகாகவும், ‘அலகு’ என்று வாசித்தால் அலகாகவும் போய்ச் சேர வேண்டும். கோழியைப் பற்றிய பாடத்தில் அலகு, அளகு இரண்டுமே பொருந்தி வரும் என்பதால், இடம் பார்த்துப் பொருள் கொள்ளக்கூட அவனுக்கு வழியில்லாமல் போயிற்று.

என்னிடம் இருப்பது கார்டியாய்டு வகை மைக். அது எடுக்கும் பரப்பை வரைந்து பார்த்தால் இதய வடிவில் இருக்கும், பெயரும் அதனால்தான் வந்தது. முன்பக்க ஒலியை நன்றாக வாங்கும், முதுகுப் பக்க ஒலியைப் பெரும்பாலும் விட்டுவிடும். தகட்டின் முன்னும் பின்னும் சேரும் காற்றழுத்தத்தின் வேறுபாட்டைக் கொண்டு வேலை செய்யும் மைக் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. வாய் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதி ஊதிப் பெருகும். குரலுக்குக் கனம் வருவது இதனால்தான். ஆனால் லகர ளகர ழகர வேறுபாடு அந்தக் கீழ்ச்சுருதியில் இல்லை. நாக்கு எங்கே எழும்புகிறது, எங்கே தடவுகிறது, எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஏற்படும் சின்னச் சின்ன மாற்றங்கள் அவை. தொல்காப்பியர் பிறப்பியலில், நாக்கின் நுனி மேலே எழுந்து அண்ணத்தைத் தடவ ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறார். அந்த நுட்பத்தை எழுதிவைத்த நூலை வாசிக்கும்போதே நான் அதைக் கனத்தில் அமுக்கிவிட்டேன் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மைக்கைத் தள்ளி வைத்தேன். நாலு விரல்கடை ஒரு சாணாயிற்று. சாண் என்றால் பன்னிரண்டு விரல்கடை, ஆக மூன்று மடங்கு தூரம். குரல் உடனே தெளிந்தது. ளகரம் ளகரமாகவே வந்தது. ஆனால் கூடவே அறையும் உள்ளே வந்துவிட்டது.

தூரம் மூன்று மடங்கானால் வாயிலிருந்து நேரே வரும் ஒலி ஒன்பதரை டெசிபல் அளவுக்குக் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அப்படிக் குறையாது. அதனால் குரலோடு சுவர்கள் போட்டி போடத் தொடங்கும். என் அறை பத்தடிக்குப் பத்தடி. மொசைக் தரை, கான்கிரீட் கூரை, சுண்ணாம்படித்த சுவர். நடுவில் நின்று கையைத் தட்டினால் ‘சர்ர்ர்’ என்று ஓர் ஓசை ஓடி அடங்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்துபோல் போய்வரும் சத்தம் அது. நாலு விரல்கடை தூரத்தில் இருந்தவரை இது கேட்கவே இல்லை. இப்போது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. வீட்டில் பதிவு செய்கிறவர்கள் மைக்குக்குச் செலவழிப்பதில் பாதியையாவது அறைக்குச் செலவழிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டச் சொல்லுவார்கள், அதை நம்ப வேண்டாம். மெல்லிய அட்டை எவ்வளவு ஒலியைக் குடித்துவிட முடியும்? என் அம்மா காலத்து இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டு பரணில் கிடந்தன. அவற்றை இறக்கி, முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக நிறுத்தினேன். பேசும் ஒலி மைக்கைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதாமலிருக்க, எதிரே இருந்த துணி பீரோவின் கதவுகளைத் திறந்து வைத்தேன். தொங்கும் புடவைகள் நன்றாகவே வேலை செய்கின்றன.

மேசையைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று. குரல் எல்லாம் சரியாக இருந்தும் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. வாயிலிருந்து மைக்குக்கு நேரே போகும் ஒலி ஒன்று, மேசைப் பலகையில் பட்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிந்திப் போகும் ஒலி இன்னொன்று. இரண்டும் கலக்கும்போது சில சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒரு கனத்த கம்பளியை நாலாக மடித்து மேசைமேல் விரித்தேன், டப்பா போய்விட்டது.

பிறகு புத்தகம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மடியில் புத்தகத்தை வைத்து வாசித்தால் தலை குனிகிறது, வாயும் கீழே போய்விடுகிறது. மேற்சுருதிகள் டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகிறவை. வாய் திரும்பினால் முதலில் தேய்வது அவைதான், அவற்றோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும். பக்கத்தின் மேற்பாதியை வாசிக்கும்போது தெளிவாகவும், அடிப்பாதிக்கு வரும்போது மங்கலாகவும் என் பழைய பதிவுகள் இருந்ததற்குக் காரணம் இதுதான். இப்போது தாத்தாவின் மர வியாசபீடத்தைச் செங்கற்கள் அடுக்கி உயர்த்தி, மைக்குக்குப் பின்னால் கண்மட்டத்தில் புத்தகத்தை வைத்துக்கொள்கிறேன். பக்கம் முழுவதையும் தலை நிமிர்ந்தபடியே வாசிக்கலாம்.

மைக்கை வாய்க்கு நேரே வைப்பதில்லை. மூக்கு மட்டத்துக்கு உயர்த்தி, சற்று வலப்பக்கம் ஒதுக்கி, அதன் முகத்தை மட்டும் வாயின் ஓரத்தைப் பார்க்கத் திருப்பியிருக்கிறேன். உள்ளங்கையை வாய்முன் வைத்து ‘பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். காற்று எங்கே அடிக்கிறது என்று தெரியும். அந்த இடத்தில் மைக் இருந்தால் ஒவ்வொரு பகரத்துக்கும் ‘டொம்’ என்று ஒரு குத்து விழும்.  இந்தக் குத்தைத் தடுக்கும் பாப் ஃபில்டர் கடையிலேயே கிடைக்கிறது. எம்பிராய்டரி வளையத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டியதுதான் என்னுடையது.

மைக்கின் முதுகு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத் தெருதான் முடிவு செய்தது. ஜன்னலுக்கு முதுகு. அப்படியும் காலை ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் பதிவு செய்ய முடியாது. பால் வண்டி, பக்கத்து வீட்டு மோட்டார், பிறகு வரிசையாகக் குக்கர் விசில்கள். நாலேகாலுக்கு எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவேன். ஒருநாள் அந்த நேரத்தில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்து ஃபிரிட்ஜ் அடங்கியதும் ஹெட்போனுக்குள் விழுந்த அமைதியை இன்னும் மறக்கவில்லை. இத்தனை நாளும் ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் அந்த உறுமல் ஓடியிருக்கிறது. மென்பொருளில் இரைச்சலை வழித்தெடுக்கலாம்தான், ஆனால் அளவு மீறினால் சகரத்தின் சீறலையும் சேர்த்தே வழித்துவிடும். இப்போது உட்காருவதற்கு முன் ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறேன்.

கண்ணில்லாதவர்களுக்காகப் புத்தகத்தை ஒலியாக்கும் வேலை பழையது. முதல் உலகப் போரில் பார்வையிழந்த இயான் ஃபிரேசர் போன்றவர்களின் முயற்சியால் 1935-இல் பிரிட்டனில் பேசும் புத்தகங்கள் கிராமபோன் தட்டுகளாக வந்தன. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும். இடையில் நாக்கு தடுமாறினால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்ட அன்று வழியில்லை. நான் ஒரு பத்தியை ஏழுமுறை திருத்தி வாசிக்கும் காலைகளில் அன்று வாசித்தவர்களை நினைத்துக்கொள்வேன்.

மரபியல் முழுவதையும் மறுபடி வாசித்து அனுப்பினேன். எட்டு நாள் ஆயிற்று. அதற்கு அடுத்த மாதம் அவன் மதுரைக்கு ஒரு தேர்வுக்காக வந்தவன், நண்பனோடு வீட்டுக்கு வந்தான். மைக்கைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். ஸ்டாண்டில் கை வைத்து மெல்ல மேலே போனான். நைலான் வளையத்தைத் தொட்டான். நான் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலை உதட்டில் வைத்துச் சுண்டுவிரலை மைக் வரை நீட்டினான். சரியாக ஒரு சாண்.

பிறகு எழுந்து நின்று ஒருமுறை கை தட்டினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். இன்னொருமுறை தட்டினான்.

“உங்களுக்கு வலப்பக்கம் வெறும் சுவர்தானக்கா?”

“ஆமாம்ப்பா. எப்படித் தெரிஞ்சுது?”

“உங்க பதிவுல இந்த ரூமைக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். ஏதோ கொஞ்சம் கணீர்னு இருக்கும், அது வலப்பக்கம்னு இப்பத் தட்டினதும் தெரிஞ்சுது.”

அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே அந்தச் சுவரில் இரண்டு ஆணி அடித்து, பழைய ரஜாய் ஒன்றைத் தொங்கவிட்டேன். மறுநாள் விடிகாலை நாலேகாலுக்குத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் தொடங்கியது.