எருக்கலஞ்செடியில் ஐந்து புழு

எங்க அப்பாவுக்கு கேரளாவில் கொத்தனார் வேலை. அவர் வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் என் கைக்கு வரும். போட்டோ எடுப்பதும் அன்றைக்குத்தான்.

கோடையில் சானலில் தண்ணி நிறுத்தியதும் கரையில் புல்லெல்லாம் காய்ந்துபோச்சு. அந்த வெயிலிலும் தும்பை, நெருஞ்சி, வெட்டுக்காயப்பூண்டு எல்லாம் பூத்திருந்தது. (காயத்துக்கு நாம் கசக்கி வைக்கும் வெட்டுக்காயப்பூண்டு அமெரிக்காவில் இருந்து வந்த செடி. நம்புவீர்களா?)

எருக்கலஞ்செடியில் ஐந்து புழு இருந்தது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி. மூன்று ஜோடி கறுத்த கொம்பு. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. எருக்கலம்பால் விஷம். அந்த இலையைத் தின்று வளர்வதால் பறவைகள் பெரும்பாலும் இதைத் தின்னாது.

மறுநாள் கரையில் காடு வெட்ட ஆட்கள் வந்தார்கள். நான் ஓடிப்போய் ஒரு கிளையை ஒடித்து வந்தேன். அதில் இரண்டு புழுதான் இருந்தது.

"எருக்கலைய வீட்டுக்குள்ள கொண்டு வராத மக்களே, ஆவாது" என்று பாட்டி சத்தம் போட்டாள். பிறகு அவளே விறகுப்புரையில் இடம் காட்டினாள். தினமும் ரோட்டோரத்தில் புது இலை பறித்துப் போட்டேன். ஒரு புழு செத்துப்போச்சு. மற்றது பச்சைக் கூடாகத் தொங்கியது. பத்து நாள் கழித்து கூட்டுக்குள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் சுருங்கிய சிறகோடு வெளியே வந்தது. சிறகு விரிந்து காயும்வரை நானும் பாட்டியும் பேசவே இல்லை.

அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. போன் அப்பாவோடு திருவனந்தபுரத்தில். அதனால் பூக்களுக்கு மட்டும் போட்டோ ஒட்டியிருக்கிறேன். பட்டாம்பூச்சி நான் கலர் பென்சிலால் வரைந்தது. சிறகு ஓரத்து வெள்ளைப் புள்ளிகளை எண்ணுவதற்குள் அது பறந்துவிட்டது.