வீராணத்தைச் சுற்றி மூன்று நாள் சைக்கிள் பயணம்

தை அறுவடை முடிந்த கையோடு, பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கிளம்பினேன். சிதம்பரம் வட்டத்தில், வீராணம் பாசனத்தின் கடைமடையில் எனக்கு இரண்டு ஏக்கர். ‘மேல்மடைக்காரங்க தண்ணியை மறிச்சுடறாங்க’ என்பது அப்பா காலத்திலிருந்தே எங்கள் ஊர்ப் பேச்சு. அந்தத் தண்ணீர் வரும் பாதையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட நினைத்தேன்.

முதல் நாள் கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் கீழணைக்குப் போனேன். அங்கே பிரியும் வடவாறுதான் ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வருகிறது. அதையொட்டி சுமார் 22 கி.மீ. மிதித்து, இரவு காட்டுமன்னார்கோவிலில் தங்கினேன்.

மறுநாள் விடியலில் லால்பேட்டையிலிருந்து ஏரிக்கரை. ஒரு பக்கம் கடல் மாதிரி தண்ணீர். மறுபக்கம் பள்ளத்தில் நெல் வயல். 10-ம் நூற்றாண்டில், பராந்தகச் சோழனின் மகன் ராஜாதித்தன் வெட்டிய ஏரி. தந்தையின் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் வீராணம் ஆனது. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 47.50 அடி. பெரும்பாலான மதகுகள் இந்தக் கிழக்குக் கரையில்தான். ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்த்தேன். பஸ்ஸில் போனால் இது நடக்காது.

சேத்தியாத்தோப்பில், 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போகும் குழாயின் தொடக்கம் இருக்கிறது. நம் ஏரிக்கு எத்தனை பேர் பங்காளிகள் என்பது அங்கே புரிந்தது. சோழத்தரம் வழியாக மேற்குப் பக்கம் சுற்றினேன். லாரிகள் வேகமாக வரும் சாலை, ஓரமாகவே மிதியுங்கள்.

மூன்றாம் நாள், எங்கள் வாய்க்கால் பிரியும் மதகிலிருந்து வீடு நோக்கித் திரும்பினேன். வழியெல்லாம் தண்ணீர் நன்றாகவே ஓடியது. எங்கள் ஊர் எல்லை வந்ததும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டி, பாதி வாய்க்காலைக் காணோம்! மேல்மடையில் தவறே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், கடைசி அடைப்பு எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. அடுத்த வாரம் பதினோரு பேர் மண்வெட்டி, அரிவாளோடு இறங்கினோம். வேலை முடிய நான்கு நாள் ஆனது.

நீங்களும் கிளம்பலாம். தை, மாசி ஏற்ற மாதங்கள். ஆடியில் மேல்காற்று ஆளைத் தள்ளும். காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். வெயில் ஏறுமுன் மிதித்து, உச்சியில் மரநிழலில் படுங்கள்.

வீராணம்தான் என்றில்லை. உங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும் ஏரி எதுவோ, அதைச் சுற்றுங்கள். திரும்பும்போது மட்டும் சாலையை விட்டுவிட்டு வாய்க்கால் கரையிலேயே வாருங்கள்.