கம்போங் ராஜாவுக்கு அத்தை வருகிறார்

சிம்பாங் பூலாயைத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் காது அடைக்கும். சன்னலை ஏற்றிவிடத் தோன்றும். வளைவுகளெல்லாம் முடிந்து முதலில் வரும் ஊர்தான் கம்போங் ராஜா. தாப்பா வழியாக ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறி வருவோருக்கு இதுவே கடைசி ஊர். ஒரு பக்கம் கூடாரம் போட்ட காய்கறித் தோட்டங்கள், மறுபக்கம் புளூ வேலியின் தேயிலைச் சரிவுகள்.

உங்கள் அத்தை தமிழ்நாட்டிலிருந்து இந்தக் குளிருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அண்ணன் மலாயாவிலும் தங்கை ஊரிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் தோட்டப்புறத்தில் அநேகம். 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வாசலைக் குறுக்கியது. 1969-ல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பர்மிட் என்று வந்தபோது, ஏறத்தாழ 60,000 பேர் மூட்டை கட்டி ஊர் திரும்பினர் என்பார்கள். நாகப்பட்டினம் போன ரஜூலா கப்பலும் 1973-ல் ஓய்ந்தது. வழியனுப்பப் போய்க் கரையில் நின்றவர்களில் பலர் அந்த முகங்களை மறுபடி பார்க்கவே இல்லை.

இன்று திருச்சியில் விமானம் ஏறினால் சில மணி நேரம்தான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம். இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. விசாதான் இல்லையே தவிர கேள்வி உண்டு. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பும் டிக்கெட் கையில் இருக்கட்டும். வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் கடை என்று அறிக! உங்கள் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி அத்தையின் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

பேத்திக்குப் பிரசவம் என்று 30 நாளைத் தாண்டித் தங்க வைக்காதீர்கள். கூடுதலாகத் தங்கினால் அபராதம், சிறை எல்லாம் உண்டு. "சும்மா இருக்கிறாரே" என்று கூலிக்குக் கொழுந்து பறிக்க அனுப்புவதும் குற்றம். பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பியைப் பாருங்கள்: வேலை பர்மிட்டில் வந்தவர் மனைவி மக்களை உடன் அழைத்து வர முடியாது. நம் தாத்தாமார் பட்ட பாடு இப்போது அவருக்கு.

நீங்கள் அத்தையைப் பார்க்கப் போவதானால் கதை வேறு. மலேசியக் குடிமகனுக்கு இந்திய விசா வேண்டும். உறவினரைக் காண்பதற்குச் சுற்றுலா மின்விசாவே போதும். ஆனால் அரசாங்கத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுப் பாட்டி இன்னும் சிவப்பு அடையாளக் கார்டுக்காரரா? அவர் திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதியை முதலில் குடிநுழைவு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். அதற்கு முன் டிக்கெட் எடுக்கவே கூடாது.

அடிக்கடி போய்வருவோருக்கு இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. அதற்குத் தாத்தா பாட்டன் ஊரைக் காட்டும் காகிதம் தேவை. கங்காணி எழுதிய பெயர் ஒன்று, பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர் ஒன்று என்றிருந்தால் அலைச்சல்தான். ஆகவே, அத்தை இங்கே இருக்கும்போதே அந்தப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, எந்தப் பெயர் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.