நினைவால் அடைகாக்கும் ஆமை

பறவை தன் முட்டையைத் தொட்டுப் பொரிக்கும். மீன் பார்த்துப் பொரிக்கும். ஆமையோ தொலைவில் இருந்தவாறே நினைத்துப் பொரிக்கும். தீட்சை வகைகளை விளக்கச் சைவ மரபினர் கையாளும் உவமை இது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிற் பிரசங்கமொன்றில் இதனைக் கேட்ட என் அம்மம்மா, ஆமையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். 2007ஆம் ஆண்டு தாயார் கனடாவுக்குச் சென்றபோது எனக்கு வயது நான்கு. “ஆமை மாதிரி அங்கையிருந்து உன்னை நினைச்சுக்கொண்டுதான் இருக்கிறா” என்று சொல்லிச் சொல்லியே கொட்டாஞ்சேனையில் அவர் என்னை வளர்த்தார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்பவரும் அவரே. இரண்டும் அவருக்கு முரணாகத் தோன்றியதில்லை.

உவமையில் வரும் ஆமை கற்பனைப் பிராணி. ஆயினும், குளிர்க்கடலில் வாழவல்ல ஆமையொன்று உண்மையாகவே உண்டு. முதுகில் நீளவாக்கில் ஓடும் ஏழு மேடுகளால் அதனை ஏழுவரி ஆமை என்பர். ஏனைய கடலாமைகளுக்குள்ள வன்மையான ஓடு இதற்கில்லை. ஆயிரக்கணக்கான சிறு எலும்புத் துண்டுகளின்மேல் தோலே போர்த்திருக்கும். 1972இல் வெளியான ஆய்வொன்று, நோவாஸ்கோஷியாக் கடலிற் பிடிபட்ட ஏழுவரி ஆமையின் உடல், அதனைச் சூழ்ந்த குளிர்நீரைவிட 18 பாகை செல்சியசு வெப்பமாயிருந்ததென்று காட்டிற்று. பேருடலும் தடித்த கொழுப்பும் இதற்குக் காரணங்கள். அவற்றினும் வியப்பானது துடுப்புகளின் அடியில் நாடியும் நாளமும் நெருங்கிச் செல்லும் அமைப்பாகும். வெளியே செல்லும் சூடான குருதி, குளிர்ந்து திரும்பும் குருதிக்குத் தன் வெப்பத்தை வழியிலேயே கொடுத்துவிடுகிறது. ஓடே காவல் என்று எண்ணிப் பழகிய நமக்கு, ஓட்டைத் துறந்த ஆமை குளிரைத் தாங்குவது விந்தையே.

ரெகவ, கொடவாய முதலிய நம் தென்கரைகளிலும் இவ்வாமை முட்டையிடுகிறது. (கனடாவுக்குச் செல்வன இவையல்ல, அவை பெரும்பாலும் கரிபியன் கரைகளிற் பிறந்தவை. உவமையின் வசதிக்காக உண்மையை வளைத்தலாகாது.) தாய் ஆமை இரவில் கரையேறிக் குழி தோண்டி, முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். பின்னர் அம்முட்டைகளை அது நாடி வருவதில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் அவற்றை அடைகாப்பது மணலின் சூடேயாகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையுங்கூட அச்சூடே தீர்மானிக்கிறது.

இதனைப் படித்த அன்றிரவே அம்மம்மாவுக்குச் சொன்னேன். தாயின்மீது எனக்கிருந்த பழைய கோபமும் என் குரலில் கலந்திருக்கலாம். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்ப மணலை ஆர் நினைக்கிறது?” என்று கேட்டார்.

பட்டம் பெற்றதும் வந்துவிடும்படி தாயார் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியிற் சொல்கிறார். அம்மம்மா வரமாட்டார், குளிர் தமக்கு ஒத்துவராதாம். விண்ணப்பப் படிவத்தின் முதலிரு பக்கங்களை மாத்திரம் நிரப்பி வைத்திருக்கிறேன்.